தைத்த பிறகு தெரியும் பிழைகள்: தையலுக்கு விட்ட துணியில் காரணம் தேடும் வழிமுறை

ரவிக்கை இறுக்கமாக வந்துவிட்டால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது அளவெடுத்தவரை. குஷன் உறை தளர்ந்து தொங்கினால் பஞ்சைக் குறை சொல்கிறோம். தையல் கற்றுத்தரும் இடத்தில் என்னிடம் திரும்பி வரும் துணிகளில் பெரும்பாலானவற்றின் பிழை, வெளியே தெரியாத அந்த உள்விளிம்பில்தான் இருக்கிறது. தையல் கோட்டுக்கும் வெட்டிய விளிம்புக்கும் நடுவே நாம் விடும் துணியைச் சொல்கிறேன். கடைகளில் அதை ‘மார்ஜின்’ என்கிறார்கள். வாடிக்கையாளர்கள் “உள்ளே துணி விட்டுத் தையுங்கள்” என்கிறார்கள். இங்கே அதை மார்ஜின் என்றே எழுதுகிறேன்.

எந்தப் பிழையாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தையலின் மேல் இஸ்திரி போட்டு, தையல் கோட்டிலிருந்து விளிம்பு வரை 5 இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெட்டும்போது எவ்வளவு விட்டீர்கள் என்பதை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அளவையோ வரைபடத்தையோ சந்தேகிக்க வேண்டும். சாதாரணப் பருத்தி ரவிக்கைக்கு நான் விடும் கணக்கு இது: கழுத்துக்குக் கால் அங்குலம், தோளுக்கும் கைக்குழிக்கும் அரை அங்குலம், பக்கத் தையலுக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை, அடிமடிப்புக்கு 1 அங்குலம். குஷன், தலையணை உறைகளுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் போதும்.

எல்லா இடத்திலும் சீராக இறுக்கமாக அல்லது சீராகத் தளர்வாக இருக்கிறது

ஓர் இடத்தில் மட்டும் பிடித்தால் அது வரைபடப் பிழையாக இருக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்தால் அநேகமாக மார்ஜின் பிழைதான். ஒவ்வொரு தையலிலும் அரைக்கால் அங்குலம், அதாவது நம் ஊர்த் தச்சர்கள் ‘ஒரு நூல்’ என்று சொல்லும் அளவு கூடுதலாகப் பிடித்தால் என்ன ஆகும் என்று 6 பாகப் பாவாடை ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 தையல்கள், ஒவ்வொரு தையலிலும் இரண்டு விளிம்புகள், ஆக 12 விளிம்புகளில் அரைக்கால் அரைக்காலாக ஒன்றரை அங்குலம் காணாமல் போய்விடுகிறது. 34 அங்குலம் வரவேண்டிய இடுப்பு முப்பத்திரண்டரையில் நிற்கும். தைத்தவரின் கண்ணுக்கு எந்தத் தையலும் தவறாகத் தெரியாது. பாகங்கள் கூடக் கூட இந்தப் பிழையும் பெருகும் என்பதால்தான் குடைப் பாவாடையிலும் ஒட்டுத்துணிப் போர்வையிலும் இது முதலில் கண்ணில் படுகிறது.

காரணங்கள் பல. ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டின் வலது ஓரத்தைக் கால் அங்குலம் என்று நம்பித் தைப்பது முதல் காரணம். அந்தத் தூரம் ஒவ்வொரு ஃபுட்டுக்கும் மாறும், ஆகவே ஊசியை ஃபுட்டுக்குள் இறக்கி அளந்து பார்க்காமல் நம்பக்கூடாது. சாக்பீஸ் கோடு தடிமனாக இருந்து, ஒரு பாகத்தைக் கோட்டின் வெளிப்பக்கமும் இன்னொன்றை உட்பக்கமும் வெட்டியிருந்தால் அதிலேயே ஒரு நூல் போய்விடும். மூன்றாவது காரணம் ஓவர்லாக். அந்த மெஷினில் கத்தி உண்டு. பிசிறாமல் இருக்க விளிம்பை நூலால் சுற்றிக்கொண்டே துணியைச் சீவியும் விடும். பாகங்களுக்கு முதலில் ஓவர்லாக் போட்டுவிட்டு, சீவப்பட்ட விளிம்பிலிருந்து அரை அங்குலம் அளந்து தைத்தால், சீவிய அளவு உடையில் குறைந்துவிடும். ஆகவே முதலில் இணைத்துத் தைத்து, அதன்பின் ஓவர்லாக் போடுங்கள். முன்பே போட வேண்டிய இடத்தில் பிசிறை மட்டும் சீவும்படி துணியின் விளிம்பைக் கத்தியின் ஓரத்தோடு ஒட்டி நிறுத்துங்கள்.

சரிபார்க்கும் முறை எளிது. அதே துணியில் 2 அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, அரை அங்குல மார்ஜின் வைத்து மூன்றையும் வரிசையாக இணைத்து, மார்ஜினைப் பிரித்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை மிகச் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் கூடுதலாகப் பிடிக்கிறீர்கள், கூடினால் குறைவாகப் பிடிக்கிறீர்கள். பிறகு ஊசியிலிருந்து அரை அங்குலம் அளந்து, மெஷினின் மேல்தளத்தில் நிறமுள்ள டேப் ஒன்றைத் துணி வரும் திசைக்கு நேராக நீளமாக ஒட்டுங்கள். தைக்கும்போது ஊசியைப் பார்க்காமல் அந்த டேப்பில் துணியின் விளிம்பு உரசிச் செல்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். புதிதாகக் கற்பவர்களின் கண்ணை ஊசியிலிருந்து எடுப்பதுதான் எனக்கு மிகவும் நேரம் பிடிக்கும் பாடம்.

தையல் நடுவில் நேராகவும் முனைகளில் சாய்ந்தும் இருந்தால் அது வேறு பிழை. தொடங்கும்போது துணியைப் பிடிக்க மெஷினின் பற்களுக்குப் போதுமான இடம் கிடைக்காததாலும், முடிக்கும்போது துணியைக் கையால் இழுப்பதாலும் அது வரும். சிறு துணித்துண்டு ஒன்றில் தையலைத் தொடங்கி அதிலிருந்தே பாகத்துக்குள் நுழைந்தால் சரியாகிவிடும்.

கை, கைக்குழிக்குள் உட்கார மறுக்கிறது

இதற்காக அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆகவே இதை நிதானமாகச் சொல்கிறேன். கைத்துணியின் மேல்வளைவையும் உடலின் கைக்குழியையும் வெட்டிய விளிம்பில் அளந்து பார்த்து, கை மிகவும் பெரிதாக இருக்கிறது என்று முடிவு செய்து வளைவைச் சீவிவிடுகிறார்கள். தைத்த பிறகு கை சிறுத்துக் குறுக்கே இழுக்கிறது.

கைக்குழி உட்குழிந்த வளைவு. அதன் மார்ஜின் குழிக்குள் நீண்டிருப்பதால் வெட்டிய விளிம்பு தையல் கோட்டைவிடக் குட்டையாக இருக்கும். கையின் மேல்வளைவு வெளிப்புறம் புடைத்தது. அதன் மார்ஜின் வெளியே நீண்டிருப்பதால் விளிம்பு தையல் கோட்டைவிட நீளமாக இருக்கும். 4 அங்குல ஆரமுள்ள கால் வட்டம் ஒன்றைத் தாளில் வரைந்து பாருங்கள். அந்தக் கோட்டின் நீளம் ஏறத்தாழ 6.28 அங்குலம். அரை அங்குலம் உள்ளே வரைந்த கோடு 5.5 அங்குலம், அரை அங்குலம் வெளியே வரைந்த கோடு 7.07 அங்குலம். சம நீளமுள்ள இரண்டு தையல் கோடுகளின் விளிம்புகள் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேறுபடுவதுபோல் நம்மை ஏமாற்றுகின்றன. ஆகவே டேப்பைப் படுக்க வைக்காமல் அதன் ஓரத்தில் நிற்க வைத்து, தையல் கோட்டின் மேலேயே வளைத்து அளக்க வேண்டும். அப்படி அளந்த பிறகும் கை அரை முதல் 1 அங்குலம் வரை கூடுதலாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது தோள்முனையின் உருண்டைக்கு வேண்டிய துணி, குண்டூசி குத்தி அடக்கிவிடலாம்.

அளவு சரியாக இருந்தும் கை சுழன்று நிற்கிறதென்றால் இரண்டு பாகங்களின் மார்ஜினும் ஒன்றுதானா என்று பாருங்கள். உடலுக்கு அரை அங்குலமும் கைக்கு முக்கால் அங்குலமும் விட்டுவிட்டு இரண்டு விளிம்புகளையும் சேர்த்து வைத்துத் தைத்தால், ஒரு பாகம் கால் அங்குலம் நகர்ந்துதான் தைக்கப்படும். இணையும் இரண்டு விளிம்புகளுக்கு எப்போதும் ஒரே மார்ஜின் விட வேண்டும். முன்பக்கத்தை மார்பின் மேல் வளைந்து இறங்கும் தையலால் பிரிக்கும் பிரின்சஸ் கட் ரவிக்கையில் நடுப்பாகமும் பக்கப்பாகமும் சேராமல் முரண்டு பிடிப்பதற்கும் இந்த விளிம்புக் கணக்குதான் காரணம். உட்குழிந்த பக்கத்து மார்ஜினில் மட்டும், தையல் கோட்டைத் தொடாமல், அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் கொடுத்தால் அந்த விளிம்பு விரிந்து அடுத்த பாகத்தோடு ஒத்துப்போகும்.

கழுத்து கேட்டதைவிட அகலமாக வந்துவிட்டது

முடிந்த கழுத்தின் கோட்டிலேயே துணியை வெட்டியிருக்கிறீர்கள். மடித்த துணியில் 3 அங்குலம் வைத்து வெட்டிய கழுத்து, கால் அங்குலம் பிடித்துத் தைத்ததும் மூன்றேகாலாகிறது. விரித்தால் 6 அங்குலத்துக்குப் பதில் ஆறரை. தோள்பட்டையில் நிற்காமல் நழுவ இந்த அரை அங்குலம் போதும். இறக்கத்தில் கணக்கு சற்றுக் குழப்பும்: 7 அங்குல இறக்கம் கால் அங்குலம் பிடித்ததும் ஏழேகாலாக வேண்டும், ஆனால் தோளுக்குத் தனியாக மார்ஜின் விடாமல் விளிம்பிலிருந்தே இறக்கத்தை அளந்திருந்தால், தோள்தையல் அரை அங்குலத்தை மேலே இழுத்து அதை ஆறேமுக்காலாக்கிவிடும். ஒரு பிழை இன்னொரு பிழையைப் பாதி மறைத்துவிடுவதால் அகலம் மட்டும் தவறியதுபோல் தோன்றும். அடுத்த முறை தோளின் தையல் கோட்டை முதலில் வரைந்து, அதிலிருந்து கழுத்தை அளந்து, அந்தக் கழுத்துக் கோட்டுக்கு உள்ளே கால் அங்குலம் விட்டு வெட்டுங்கள்.

கழுத்து அகலம் சரியாக இருந்தும் ஓரம் சுருங்கி நின்றால், திருப்புவதற்கு முன் மார்ஜினில் வெட்டு கொடுக்கவில்லை என்று பொருள். கழுத்தின் மார்ஜின் சிறிய வட்டத்திலிருந்து பெரிய வட்டத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்குத் துணி போதாது, ஆகவே தையலுக்கு ஒரு நூல் மீதி வைத்து நேர்வெட்டுகள் வேண்டும். வட்டமான குஷனில் இது தலைகீழ். அங்கே மார்ஜின் பெரிய வட்டத்திலிருந்து சிறிய வட்டத்துக்குத் திரும்புவதால் துணி மிஞ்சி உள்ளே கொத்துக் கொத்தாகத் தட்டுப்படும். முக்கோணமாகச் சிறு துண்டுகளை வெட்டியெடுத்தால்தான் ஓரம் வட்டமாகத் தெரியும். லைனிங் துணி கழுத்தோரத்தில் எட்டிப் பார்த்தால், மார்ஜின் முழுவதையும் லைனிங் பக்கம் தள்ளி, தையலுக்கு ஒரு நூல் தள்ளி லைனிங்கின் மேல் ஒரு தையல் ஓட்டுங்கள்.

கையின் அடிமடிப்பு தோலைக் கவ்வுகிறது

கை கீழே போகப் போகக் குறுகும். அந்தச் சாய்வை மடிப்புத் துணியிலும் அப்படியே நீட்டி வெட்டினால், மேலே மடிக்கும்போது குறுகிய துணி அகலமான இடத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது. வெட்டும் முன் மடிப்புக் கோட்டில் துணியை மடித்து வைத்துக்கொண்டு பக்கச் சாய்வை வெட்டுங்கள். விரித்துப் பார்த்தால் மடிப்புப் பகுதி கீழே அகன்று நிற்கும். அதுதான் சரியான வடிவம். ஏற்கெனவே தைத்துவிட்டதென்றால், மடிப்பைப் பிரித்து, மடிப்புப் பகுதியில் மட்டும் பக்கத் தையலைக் கீழ்நோக்கி விரித்துத் தைத்தால் போதும்.

பட்டு ரவிக்கையில் தையலோரம் சீப்புப்போல் பிளக்கிறது

தையல் நூல் அறுந்திருக்காது. தையலை ஒட்டி நெசவின் ஓர் இழை வரிசை நகர்ந்து, மற்ற இழைகள் சீப்பின் பற்கள்போல் வெளியே தெரியும். பட்டிழை வழவழப்பானது, இறுக்கமான பக்கத் தையலிலும் கைக்குழியின் பின்புறத்திலும் கையை நீட்டும்போதெல்லாம் அது தையலைவிட்டு வழுகிப் போகிறது. நூலை மாற்றுவதாலோ அதே இடத்தில் மேலும் இரண்டு தையல் போடுவதாலோ இது நிற்காது. ஊசி குத்திய இடங்கள்தான் கூடும்.

வெட்டுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். துணியின் ஓரத்தில் இரண்டு கட்டைவிரல்களையும் நெருக்கி வைத்து எதிரெதிராக அழுத்தி இழுங்கள். இழைகள் விலகி நின்றுவிட்டால், அந்தத் துணிக்கு எந்த இடத்திலும் முக்கால் அங்குலத்துக்குக் குறைவாக மார்ஜின் விடாதீர்கள். பருத்தி லைனிங்கைத் தனியாகத் தொங்கவிடாமல் பட்டோடு சேர்த்து ஒரே துணியாகப் பிடித்துத் தையுங்கள். இழுவிசையைப் பருத்தி தாங்கட்டும். லைனிங்கைப் பட்டைவிட மிக லேசாகச் சிறியதாக வெட்டினால் இன்னும் நல்லது. உடற்சுற்றில் வழக்கத்தைவிட 1 அங்குலம் தளர்வு கொடுப்பதையும் வாடிக்கையாளரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே பிளந்துவிட்ட ரவிக்கைக்கு மார்ஜின்தான் கைகொடுக்கும். தையலைப் பிரித்து, பிளந்த பகுதியின் பின்னால் பருத்திப் பட்டை ஒன்றை வைத்துப் பிடித்து, பிளவு முழுவதும் உள்ளே போகும்படி புதிய தையலை உள்பக்கம் தள்ளிப் போடுங்கள். அதனால் குறையும் சுற்றளவை மறுபக்கத் தையலில் விட்டிருக்கும் துணியிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே அரை அங்குலம்தான் இருக்கிறதென்றால் ரவிக்கையைக் காப்பாற்ற வழியில்லை. பட்டின் பக்க மார்ஜினைக் கத்தரிக்க நான் யாரையும் அனுமதிக்காததற்கு இதுவே காரணம்.

ஜார்ஜெட், ஷிஃபான் போன்ற மெல்லிய துணிகளில் மார்ஜின் பிசிறி, துவைக்கத் துவைக்கத் தையலே விட்டுப்போவது இதிலிருந்து வேறு. அதற்குப் பிரெஞ்சு தையல் போதும்: முதலில் நல்ல பக்கம் வெளியே இருக்க விளிம்புகளைச் சேர்த்து ஒரு தையல், மார்ஜினை ஒரு நூல் அளவுக்குச் சீவித் திருப்பி, உட்புறத்தில் கால் அங்குலத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும்.

குஷன் உறை தளர்வாக இருக்கிறது, மூலைகள் நாய்க்காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கின்றன

16 அங்குலக் குஷனுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் சேர்த்து 17 அங்குலம் வெட்டினால் உறை மிகச் சரியாக 16 வரும், ஆனால் சில வாரங்களில் பஞ்சு அமுங்கியதும் தொங்கும். 16 அங்குலமே வெட்டி அரை அங்குலம் பிடித்துத் தைத்தால் உறை 15 வரும். பஞ்சு அதில் நெருக்கமாக அடங்கி முகம் புடைப்பாக நிற்கும். கரூரில் நெய்யும் தடித்த பருத்தித் துணிகளில் இப்படிச் செய்தால் மிக அழகாக இருக்கும். நெய்த துணியை முதலில் நனைத்துக் கஞ்சி போக உலர்த்திவிட்டு வெட்டுங்கள்; துணி சுருங்குவதை எந்த மார்ஜினாலும் ஈடுகட்ட முடியாது.

மூலைகளில் பஞ்சு போய் நிரம்புவதில்லை, அதனால்தான் அங்கே வெறும் துணி காதுபோல் நீட்டுகிறது. ஒவ்வொரு பக்கத்தின் நீளத்தையும் நான்காகப் பிரித்து, மூலையிலிருந்து முதல் கால் பங்கில் ஒரு புள்ளி வையுங்கள். மூலையில் தையல் கோட்டை அரை அங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு புள்ளி வைத்து, இரண்டையும் மெல்லிய சாய்வால் இணைத்துத் தையுங்கள். தாளில் பார்க்கும்போது சதுரம் கெட்டுப்போனதுபோல் இருக்கும், பஞ்சு வைத்ததும் சதுரமாகத் தெரியும். மூலை கெட்டியாக உருண்டு நின்றால் மார்ஜினைக் குறுக்காகச் சீவுங்கள், தையலுக்கு ஒரு நூல் மீதி வைத்து. ஓரத் தையலில் பைப்பிங் (கயிறுபோல் உருண்ட துணிப்பட்டை) வைத்த தடித்த உறைகளில் எல்லா அடுக்குகளையும் ஒரே அகலத்தில் வெட்டாமல் படிப்படியாகக் குறைத்து, வெளிமுகத்தை ஒட்டிய அடுக்கை மட்டும் அகலமாக விடுங்கள். அப்போதுதான் மேலே தடம் தெரியாது.

திரைச்சீலையின் ஓரம் இழுத்துக்கொண்டு சுருங்குகிறது

நெசவிலேயே அமைந்த கெட்டிக் கரையை மார்ஜினுக்குள் விட்டிருப்பீர்கள். அந்தக் கரை மற்ற துணியைவிட இறுக்கமாக நெய்யப்பட்டது; துவைத்ததும் அது மட்டும் தனியாக இழுக்கும். இரண்டு அகலங்களை இணைக்கும் முன் கரையை வெட்டி எறியுங்கள், இல்லையென்றால் 2 அங்குலத்துக்கு ஒரு சிறு வெட்டு கொடுங்கள்.

வெளிநாட்டு மாதிரித் தாளில் தைத்தது ஒரு சுற்றுச் சிறியதாக வந்தது

துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான அந்தத் தாளில் மார்ஜின் சேர்ந்திருக்கிறதா என்று படிக்கவில்லை. காகித உறையில் போட்டு விற்கும் அமெரிக்க மாதிரித் தாள்களில் பொதுவாக 1.5 சென்டிமீட்டர் சேர்ந்தே இருக்கும். ஜெர்மனியின் புர்டா இதழோடு வரும் தாள்களில் மார்ஜின் கிடையாது, நாமே சேர்க்க வேண்டும்.

உடல் பெருத்தது, ரவிக்கையைப் பிரித்துவிட வழியில்லை

பக்கத் தையலின் மார்ஜினைத் திருப்பிப் பாருங்கள். இடுப்பு வளைவில் யாரோ ஆழமாக வெட்டு கொடுத்திருந்தாலோ, ஓவர்லாக் போடும்போது அரை அங்குலம் விட்டு மீதியைச் சீவியிருந்தாலோ, அந்த ரவிக்கையைப் பிரித்துவிட முடியாது. அக்குளின் கீழ் ஒட்டுத்துணி வைப்பதே வழி. துணி இருக்கிறதென்றால், புதிய தையலை வெளியே போட்டு முடித்த பிறகுதான் பழைய தையலைப் பிரிக்க வேண்டும். முதலில் பிரித்தால் கோடு தவறிப்போகும்.

புதிதாகத் தைப்பவர்கள் பக்கத்தில் ஒரே தையலோடு நிறுத்தாமல், கால் அங்குல இடைவெளியில் மூன்று தையல்கள் போட்டுக் கொடுங்கள். உள்தையல் ஒன்றைப் பிரித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் முன்துணியில் கால், பின்துணியில் கால் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 1 அங்குலம். அதை வாங்கிச் செல்பவர் கடைக்கே வராமல், வீட்டிலேயே ஒரு பிளேடால் பிரித்துக்கொள்வார். பருத்தியில் பழைய ஊசித் துளைகள் ஓரிரு துவைப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். பட்டில் நிற்கும், ஆகவே பட்டுக்கு மட்டும் உள்தையலை அணிபவரின் அளவுக்கு மிகச் சரியாக, முதல் முறையிலேயே போட்டுவிட வேண்டும்.